கதவில் ஒட்டிச் சார்வு

வழக்கு எண் சொல்ல மாட்டேன், நடப்பில் இருக்கிறது.
பாகப்பிரிவினை. பிரதிவாதிகள் அறுபத்தேழு பேர்.
தேவகோட்டை நீதிமன்றத்தில் நான் அமீனா,
பெயர் சேகு ஜலால்.
அமீன் என்றால் அரபியில் நம்பத்தகுந்தவன்.
எங்கள் அலுவலகத்தில் அந்த அர்த்தத்தில்
யாரும் கூப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை பயானில் ஹஜ்ரத் சொன்னார்:
நபிமார் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் பேர்,
அவர்களில் ரசூல்மார் முந்நூற்றுச் சொச்சம்.
வானத்துச் சேதி வந்தவர் நபி.
புதுச் சட்டமும் கையில் கொடுத்து
மறுக்கிற சனத்திடம் போ என்று அனுப்பப்பட்டவர் ரசூல்.
ரசூல் எல்லாரும் நபி, நபி எல்லாரும் ரசூல் அல்ல.
இதில் ஆலிம்களுக்குள் வேறு சொல்லும் உண்டு என்று
கடிகாரத்தைப் பார்த்தபடி ஆரம்பித்தார்,
மின்விசிறிச் சத்தத்தில் மீதி எனக்கு வரவில்லை.

அனுப்பப்பட்டவர்.
அந்தச் சொல்லில் காது நின்றுவிட்டது.
அஸ்தஃபிருல்லாஹ், ஒப்பிடவில்லை.
இருபத்திரண்டு வருடம் கதவு தட்டியவனுக்குத்
தட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.
தொள்ளாயிரத்து ஐம்பது வருடம் தட்டினார் நூஹ் நபி.
திறந்த வீடுகளை எண்ணினால்
ஒரு கப்பலில் அடங்கிவிட்டது.

திங்கட்கிழமை, பதினொன்று இருபது.
முப்பத்தெட்டு முதல் நாற்பத்து நாலு வரை ஒரே விலாசம்.
தெருவின் இந்த முனையில் முகப்பு,
அந்த முனையில் பின்கட்டு.
பூட்டில் துரு.
மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
சட்டம் அப்படி. புறாக்கள் எழுந்தன.
ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்ட வேண்டும்.
மெழுகு பூசிய தேக்கில் பசை நிற்காது;
மேலே செதுக்கிய லட்சுமியின் பாதத்தை மறைக்காமல்
ஓர் இடம் தேடினேன்.

"ஒட்டாது. மைதாவில் துத்தம் போட்டுக் காய்ச்சணும்."

பக்கச் சந்திலிருந்து ஒரு பெண், கையில் ஈர வாளி.
சிகப்பி. ஐம்பது இருக்கலாம்.
வழக்கு அவருக்கு முழுசாகத் தெரிந்திருந்தது:
கோலாலம்பூர்க்காரர் ஏன் போட்டார்,
யார் சமாதானத்துக்கு வந்து யார் கெடுத்தார்,
எந்த அறைச் சாவி எந்த வங்கிப் பெட்டகத்தில்.
போன ஆடியிலேயே தெரியுமாம்.

தெரிந்திருப்பது வேறம்மா, தெரிவிக்கப்படுவது வேறு.
கையில் தராதவரை
நீதிபதி தீர்ப்பு எழுத முடியாது.
தூதர் வராத ஊருக்குத் தண்டனை இல்லை
என்றுதான் நாங்களும் நம்புகிறோம்.
பின்பாதியைச் சொல்லவில்லை, மனசில்தான் ஓடியது.

"அதில் என் பேர் இருக்கா?"

அறுபத்தேழையும் விரல் வைத்துப் படித்தேன்.
வெயிலில் இரண்டாம் முறையும்.
இல்லை.
சுவீகாரம் வந்தவரின் மனைவி அவர்;
சுவீகாரமே செல்லாது என்பது வாதி தரப்பு.
ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் பேரில்
நமக்குப் பெயர் தெரிந்தவர் இருபத்தைந்து.
மற்றவர்களுக்கும் சேதி வந்தது,
அவர்களும் எந்தத் தெருவிலோ நின்று சொல்லியிருப்பார்கள்.
மறுமையில் ஒரு நபி
பின்னால் ஒருவர்கூட இல்லாமல் வருவாராம்.
அவரிடம் ஏன் ஆள் சேரவில்லை என்று கேட்கப்படாது,
சொன்னாயா என்பதுதான் கேள்வி.
அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்,
ஹஜ்ரத்திடம் இன்னும் கேட்கவில்லை.

சிகப்பி உள்ளே போய்ப் பசை கொண்டுவந்தார்.
தாள் நின்றது.
ஒட்டியதற்கு உள்ளூர்ச் சாட்சி வேண்டும்.
எதிர்வீட்டுக் காவலாளி கைநாட்டுக்கூட மறுத்துவிட்டார்.
"நான் போடுறேன். பிரதிவாதிதான் போடக் கூடாது,
நான்தான் அது இல்லையே."
சாட்சி என்ற சொல்லுக்கு நேராக
முழுப் பெயரையும் எழுதினார்,
புகுந்த வீட்டு முதலெழுத்தோடு.

லுஹருக்குப் பள்ளிவாசல் ஹவுதில்
ஒளுச் செய்ய உட்கார்ந்தேன்.
விரல்நுனியில் பசை காய்ந்திருந்தது.
தண்ணீர் தோலைத் தொடாவிட்டால் ஒளுக் கூடாது.
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன்,
முதல் ரக்அத் போய்விட்டது.
துத்தம் போட்ட பசை.